அறுபத்து நான்கு கட்டமும் அடிப்பலகையும்

பழைய சதுரங்க மேசை வாங்கியவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியோடுதான் எங்கள் பட்டறைக்கு வருகிறார்கள். எப்போது பளபளப்பாகும்? அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் நான் தரையில் சாக்கை விரித்து மேசையைத் தலைகீழாகக் கவிழ்த்திருப்பேன். மேசையின் முகம் எத்தனை கை மாறியிருந்தாலும் அதன் அடிப்பக்கத்தை யாரும் அலங்கரிப்பதில்லை. செய்தவன் விட்டுப்போன தடயம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், இடிந்த செட்டிநாட்டு வீடுகளின் கதவும் தூணும் கண்ணாடியும் அலமாரியும் அங்கே கடை கடையாக அடுக்கிக் கிடக்கின்றன. அந்தக் கடைகளுக்கும் இன்னும் விற்காத வீடுகளுக்கும் மரச்சாமான் பழுது பார்ப்பதும் பாலிஷ் போடுவதும் என் தொழில். சித்தப்பாவிடம் கற்றது. உப்புத்தாளைக் கையில் எடுக்கும் முன் அந்தச் சாமானுக்கு விலை சொல்லத் தெரிய வேண்டும் என்பார் அவர். விலை தெரியாமல் தேய்க்கிறவன் எதைத் தேய்த்து எறிகிறோம் என்று தெரியாமல் தேய்க்கிறான். நான் எழுதுவதெல்லாம் அந்த ஒரு கட்டளையின் விரிவுதான்.

கவிழ்த்த மேசையில் முதலில் ரம்பத் தடம் பார்ப்பேன். கைரம்பம் அறுத்த பலகையில் கோடுகள் நேராக இருக்கும், ஆனால் ஒன்றுக்கொன்று இடைவெளி ஒழுங்காக இராது. வட்ட ரம்பம் வில்போல் வளைந்த கீறலை விட்டுச் செல்லும். நேர்கோட்டைக் கண்டதும் இருநூறு வருஷப் பழமை என்று துள்ளக் கூடாது. நம் பக்கத்திலும் இலங்கையிலும் ஆலை ரம்பம் வந்த பிறகும் குழி தோண்டி மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று அறுப்பது நெடுங்காலம் நடந்தது. அதனால் ரம்பத் தடத்தோடு திருகாணியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தலையில் உள்ள வெட்டு நடுவை விட்டு விலகி, நுனி மழுங்கலாக இருந்தால் அந்தத் திருகாணி ஏறக்குறைய 1850க்கு முந்தையது. அதற்குப் பிறகுதான் எந்திரத்தில் செய்த கூர்நுனித் திருகாணி பரவியது. திருகாணி பழையது, துளை புதியது என்றால் வேறெங்கோ இருந்து கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

பிறகு அளவு நாடா. வட்ட மேசை என்றால் மரத்தின் ரேகை ஓடும் திசையில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை அளக்க வேண்டும். மரம் நீளவாக்கில் சுருங்குவதே இல்லை எனலாம், குறுக்குவாக்கில்தான் சுருங்கும். நூறு கோடை கண்ட வட்டம் மெல்ல நீள்வட்டமாகிவிடும். இரண்டு அளவும் ஒரு நூல் பிசகாமல் ஒன்றாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அடியில் பிளைவுட் தெரிந்தாலோ, மூட்டில் வெள்ளைப் பசை வழிந்து காய்ந்திருந்தாலோ அந்தப் பகுதி நம் காலத்தது. ஃபெவிகால் கடைக்கு வந்ததே 1959ல்தான். அதற்கு முன் ஆசாரிகள் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரத்தில்தான் ஒட்டினார்கள். அது தேன் நிறத்தில் கண்ணாடிபோல் உடையும், வெந்நீர்த் துணி பட்டால் இளகும்.

இவ்வளவும் எந்த மேசைக்கும் பொருந்தும். சதுரங்க மேசைக்கு இதற்கு மேல் தனியாக ஒரு வரலாறு உண்டு. அது தெரியாவிட்டால் விலை சொல்ல முடியாது.

சதுரங்கம் பிறந்தது இந்தியாவில் என்கிறோம். கறுப்பு வெள்ளைக் கட்டம் இங்கே பிறந்ததல்ல. நம் நாட்டுப் பலகை எட்டுக்கு எட்டாக வெறும் கோடு கிழித்தது. எல்லாக் கட்டமும் ஒரே நிறம். சில கட்டங்களில் மட்டும் பெருக்கல் குறி இருக்கும். தாயக்கட்டத்தில் மலை என்று குறுக்குக் கோடு போடுகிறோமே, அதே மாதிரி. பலகைகூட வேண்டியதில்லை, துணியில் தைத்த கட்டத்தைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு போகலாம். திண்ணையில் சம்மணமிட்டு ஆடுகிறவனுக்கு மேசை எதற்கு? கட்டங்களை இரண்டு நிறமாக்கியது ஐரோப்பா, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு. ஆகவே இந்தியாவில் செய்த பழைய மேசையில் இருநிறக் கட்டம் இருந்தால், அது நாற்காலியில் உட்கார்ந்து ஆடியவர்களுக்காக, அவர்கள் கேட்டு நம் கைவினைஞர் செய்தது. ஒரே நிறத்தில் குறுக்குக் குறி போட்ட பழைய பலகை கிடைத்தால் அது அதைவிட அரிது. தந்தமும் கருங்காலியும் இல்லாத அந்தச் சாதாரணப் பலகையைத்தான் நான் முதலில் எடுத்து வைத்துக்கொள்வேன்.

கட்டத்தின் அளவும் காலம் சொல்லும். இன்று போட்டிகளில் வைக்கும் ஸ்டான்டன் காய்கள் 1849ல் லண்டனில் ஜாக்ஸ் நிறுவனம் விற்கத் தொடங்கியவை. அடி அகன்று கனத்த காய்கள். அவை பரவப் பரவப் பலகையும் பெருத்தது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் இன்றைய விதியில் ராஜா 9.5 செ.மீ. உயரம், கட்டம் 5 முதல் 6 செ.மீ. வரை. கட்டம் ஒன்றரை அங்குலமே இருந்தால், மேசை பழையதாக இருக்கலாம், அல்லது ஆடுவதற்கென்று இல்லாமல் வரவேற்பறைக்கு அழகாகச் செய்ததாக இருக்கலாம். இரண்டில் எது என்பதைத் தேய்மானம் சொல்லிவிடும். ஆடிய மேசையில் எதிரெதிரான இரண்டு விளிம்புகளில் மட்டும் பாலிஷ் கரைந்திருக்கும், மணிக்கணக்கில் முன்னங்கை ஊன்றிய இடம் அது. நடுவிலுள்ள கட்டங்களில் மெல்லிய கீறல் அடர்ந்திருக்கும். வலக்கை மூலையில் வெள்ளைக் கட்டம் வர வேண்டும் என்ற விதிக்கும் இழுப்பறை இருக்கும் பக்கத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால், செய்தவருக்கு ஆட்டம் தெரியாது, அல்லது பலகையைப் பிறகு யாரோ கழற்றித் திருப்பி ஒட்டியிருக்கிறார்கள்.

நம் சந்தைக்கு வரும் பழைய இந்திய, இலங்கைச் சதுரங்க மேசைகளில் என் கண் முதலில் தேடுவது விசாகப்பட்டினத்து வேலையை. அன்று அது மதராஸ் மாகாணத்து ஊர். கிழக்கிந்தியக் கம்பெனி துணி வாங்குவதற்காக அங்கே பண்டகசாலை வைத்திருந்தது. துறைமுகத்துக்குத் தந்தமும் வந்தது, சந்தனமும் ஈட்டியும் கருங்காலியும் வந்தன. துணி வாங்க வந்த வெள்ளைக்காரர்கள் நாற்காலியும் பெட்டியும் செய்துதரக் கேட்டார்கள். 1756ல் ஜான் கார்னீல் என்ற ராணுவ அதிகாரி, மரத்தில் தந்தம் பதிக்கும் வேலைக்கு இந்த ஊர் பெயர்பெற்றது என்று எழுதிவைக்கும் அளவுக்குத் தொழில் வளர்ந்துவிட்டது. செய்தவர்கள் கம்சாலிகள் என்ற கைவினைஞர் சாதியார். முதலில் ஈட்டியிலும் கருங்காலியிலும் பூங்கொடியாகத் தந்தம் பதித்தார்கள். பிறகு சந்தன மரத்தில் சட்டம் செய்து, அதன்மேல் முழுக்கத் தந்தத் தகடு போர்த்தினார்கள். தகட்டில் ஊசிமுனையால் கொடியும் பூவும் ஐரோப்பிய அச்சுப்படங்களில் கண்ட மாளிகையும் கீறி, கீறலில் கறுப்பு அரக்கை நிரப்பித் துடைத்தார்கள். விளிம்பில் ஓடும் அந்தக் கொடிக்கும் இதே கரையில் துணிமேல் எழுதிய கொடிக்கும் உள்ள உறவு பார்த்தவுடன் தெரியும்.

இந்த வேலைக்கு அன்றே இருந்த மதிப்புக்கு ஓர் உதாரணம். மதராஸில் கவர்னராக இருந்த அலெக்சாண்டர் விஞ்ச் இப்படிப்பட்ட தந்த நாற்காலிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அவர் இறந்த பிறகு 1781ல் ஏலத்துக்கு வந்தபோது அவற்றை மூன்றாம் ஜார்ஜ் மன்னரே ராணி ஷார்லட்டுக்காக வாங்கினார். அவை இன்றும் அரச குடும்பத்துச் சேகரிப்பில் உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய சாமான்கள் குறைந்து, சிறு பெட்டிகளும் மடக்குப் பலகைகளும் பெருகின. வெளிப்பக்கம் சதுரங்கம், திறந்தால் உள்ளே பக்கேமன் ஆட்டம். வெள்ளைக் கட்டத்துக்குத் தந்தம், கறுப்புக்குக் கொம்பு. கொம்பை அடையாளம் காண விளிம்பை வெளிச்சத்தில் பிடித்தால் போதும், பழுப்பாக ஒளி கசியும். கருங்காலியில் கசியாது. கொம்பைப் பூச்சி அரிக்கும் என்பதால் கறுப்புக் கட்டங்களில் மட்டும் பொடித்துளை இருப்பதும் ஓர் அடையாளம்.

தந்தத்தையும் எலும்பையும் பிளாஸ்டிக்கையும் பிரிக்க ஊசியைச் சுடவைத்துக் குத்துவார்கள் சிலர். அந்தக் கொடுமை வேண்டாம். பூதக்கண்ணாடி போதும். தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வளைகோடுகள் தெரியும். எலும்பில் அழுக்கு ஏறிய நுண்புள்ளிகள் இருக்கும், ரத்தக்குழாய் ஓடிய தடம் அது. பிளாஸ்டிக்கில் கோடே இராது, இருந்தால் அச்சடித்ததுபோல் ஒரே சீராக இருக்கும்.

பாலிஷ்காரர்கள் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டிய ஒன்று இங்கே உண்டு. எங்கள் தொழிலின் உயிரே அரக்கும் ஸ்பிரிட்டும்தான். அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பஞ்சைத் துணியில் சுற்றி வட்டம் வட்டமாகத் தேய்த்து ஏற்றுவதைத்தான் பிரெஞ்சு பாலிஷ் என்கிறோம். பழைய பாலிஷை எடுக்கவும் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால்தான் துடைப்போம். விசாகப்பட்டினத்துக் கொடியின் கறுப்பும் அதே அரக்கு. ஸ்பிரிட் துணி ஒருமுறை அழுத்தி ஓடினால் இருநூறு வருஷத்துச் சித்திரம் துணியோடு வந்துவிடும். மிஞ்சுவது வெள்ளைத் தகடும் மங்கிய கீறலும். அப்படி வெளுத்துப்போன ஒரு பலகை என் கைக்கு வந்தது. சுத்தம் செய்தோம் என்று பெருமையாகக் கொடுத்தார்கள். அதை முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவர எந்தக் கைக்கும் முடியாது. புதிதாகக் கறுப்பு ஏற்றலாம், ஆனால் அது என் கறுப்பாக இருக்கும்.

இரண்டாவது குடும்பம் இலங்கையின் காலி நகரத்தது. செட்டிநாட்டில் இந்த மேசை அவ்வப்போது தென்படுவதற்குக் காரணம் இருக்கிறது. செட்டிநாட்டு வணிகரான நகரத்தார் கொண்டுவிற்கப் போன ஊர்களில் பர்மாவைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். பர்மாத் தேக்குத் தூண்கள் கண்முன்னே நிற்கின்றன. இலங்கையிலும் அவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே வட்டிக்கடை நடத்தினார்கள். கொழும்பில் செட்டியார் தெரு என்று பெயரே நிலைத்துவிட்டது. அங்கே வேலை பார்க்கும் கணக்குக் காலம் முடிந்து ஊர் திரும்புகிறவர்களோடு தட்டுமுட்டும் வந்தது.

கானாடுகாத்தான் பக்கம் ஓர் ஆச்சி வீட்டு மாடியில் அப்படி ஒரு மேசையைப் பார்த்தேன். வட்டமான மேல்பலகை, நடுவில் சதுரங்கக் கட்டம், அதைச் சுற்றிக் கதிர்களாகப் பல மரத் துண்டுகள், கீழே ஒற்றைத் தண்டு. பலகையை நிமிர்த்திச் சுவரோரம் சாய்க்கலாம். முழுக்கக் கரிபிடித்த பழுப்பு.

“தேச்சு வெள்ளையாக்கிக் குடுங்க தம்பி, பேரன் வந்தா ஆடுவான்” என்றார் ஆச்சி.

“ஆச்சி, தேச்சா பேரனுக்கு மேசை இருக்கும், காலி இருக்காது. ஒரு நாள் பொறுங்க, பாத்துச் சொல்றேன்” என்றேன்.

சாய்மானத்துக்கு உள்ளே, கட்டை மறைத்திருந்த இடத்தில் வெளிச்சமே படாத ஒரு பட்டை உண்டு. அங்கே மரத்தின் அசல் நிறம் அப்படியே இருந்தது. அதை வைத்துக்கொண்டு மேலே எது எது என்று பிரித்தேன். கட்டங்களில் கறுப்பு கருங்காலி, பொன்மஞ்சள் முதிரை. இவை இரண்டும் வன்னியிலும் மட்டக்களப்புப் பக்கமும் வளர்ந்த மரங்கள். கதிர்களில் பலாவும், ஊசி ஊசியாகக் கோடோடும் தென்னையும், புளியின் கருத்த வைரமும், பழுப்பில் கறுப்பு அலையடிக்கும் கலமாண்டரும் இருந்தன.

இந்தக் கலமாண்டர்தான் மேசையின் விலையைத் தீர்மானிக்கிறது. கருங்காலிக்கு நெருங்கிய உறவான மரம், இலங்கையைத் தவிர வேறெங்கும் வளராது. டச்சுக்காரரும் பிறகு ஆங்கிலேயரும் மேசைக்கும் பெட்டிக்கும் வெட்டித் தள்ளியதில், 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் அந்தத் தீவைப் பற்றித் தம் நூலை எழுதும்போதே அது கிடைத்தற்கரியதாகிவிட்டது. கலமாண்டரில் பெரிய பலகை கண்டால் மேசை முற்காலத்தது, சிறு துண்டாக மட்டும் கண்டால் தட்டுப்பாடு வந்த பிறகு செய்தது என்று ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறேன். திருகாணியும் ரம்பத் தடமும் அதை ஒப்புக்கொண்டால்தான் நம்புவேன்.

காலியில் ஏன் இத்தனை மர வகையைக் காட்டும் மேசைகள்? கப்பல்தான் காரணம். 1840களிலிருந்து பி அண்ட் ஓ நிறுவனத்தின் நீராவிக் கப்பல்கள் சூயஸுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே காலியில் நின்று நிலக்கரி ஏற்றின. இறங்கிய பயணிகளுக்குத் தீவின் மரங்களையெல்லாம் ஒரே பலகையில் காட்டி விற்றார்கள் தச்சர்கள். 1875ல் கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார்கள், பத்து ஆண்டுகளில் அது எழுந்ததும் கப்பல்கள் அங்கே போய்விட்டன. காலியின் வியாபாரம் தேய்ந்தது. அதனால் இந்த மேசைகளில் நல்லவை பெரும்பாலும் அந்த நாற்பது ஆண்டுகளுக்குள் அடங்கும் என்பது என் முடிவு.

இப்படிப்பட்ட மேசைக்குக் கலர் ஏற்றிப் பாலிஷ் போடுவதைவிடப் பெரிய கேடு இல்லை. எங்கள் தொழிலில் பாதி வேலை, வெவ்வேறு பலகைகளை ஸ்டெய்னர் கலந்து ஒரே நிறமாக்குவது. காலித் தச்சன் பட்ட பாடெல்லாம் நிறங்களைப் பிரித்துக் காட்ட. உப்புத்தாளும் இங்கே ஆபத்து. கையால் அறுத்த பழைய வெனீர் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் கனம் இருக்கும் என்றாலும் முன்பே இரண்டுமுறை யாராவது தேய்த்திருந்தால் காகிதமாகியிருக்கும். விளிம்பில் பார்த்துக் கனம் தெரிந்துகொள்ளாமல் கைவைக்கக் கூடாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பஞ்சாபின் ஹோஷியார்பூரிலிருந்து எண்கோண மேசைகள் வரும். சிசு மரத்தில் வெள்ளைப் பதிப்பு, மடக்கும் கால்கள், கால்களுக்கிடையே வளைவுகள். பழையதில் தந்தமோ எலும்போ, புதியதில் பிளாஸ்டிக். சஹாரன்பூரிலிருந்து பித்தளை பதித்தவை வரும், அவற்றில் அதிகம் அண்மைக் காலத்து ஏற்றுமதிச் சரக்கு. அவற்றைத் தாராளமாகத் தேய்த்துப் பாலிஷ் போடலாம், ஒன்றும் கெடாது. பழைய சாதாரண மேசையின் நடுவை வெட்டியெடுத்துப் பிற்காலத்தில் கட்டம் பதித்ததும் உண்டு. மேல்பலகையின் பழைய வெடிப்பு கட்டத்தின் ஓரத்தில் சட்டென்று நின்றுவிட்டால் அது அப்படிப்பட்டது. தண்டு ஒன்றின், பலகை வேறொன்றின் என்று சேர்த்துவைத்ததும் வரும். அடியில் எதற்கும் பயன்படாத துளைகள் காட்டிக்கொடுக்கும்.

மேலிருக்கும் பாலிஷ் எது என்பதற்கு மறைவான இடத்தில் ஒரு சொட்டு சோதனை போதும், தந்தமும் அரக்குச் சித்திரமும் இல்லாத இடமாகப் பார்த்து. ஸ்பிரிட்டுக்குப் பிசுபிசுத்தால் அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர், அது 1920களுக்குப் பின் வந்தது. இரண்டுக்கும் அசையாவிட்டால் பாலியூரித்தேனோ அதைப் போன்ற ஒன்றோ, இன்னும் பிந்தையது. டர்பன்டைன் துணியில் பழுப்பாக வந்தால் வெறும் மெழுகும் அழுக்கும்தான், அடியில் நல்ல பாலிஷ் உயிரோடு இருக்கக்கூடும்.

இனி விலை. சாதாரண மேசைக்கு மரத்தின் விலையும் வேலையின் விலையும் சேர்ந்தால் போதும், புதுப் பாலிஷ் அதைக் கூட்டும். காலி மேசைக்குப் புதுப் பாலிஷ் விலையைக் குறைக்கும், வாங்கத் தெரிந்தவர் அந்தப் பழைய மேற்பரப்புக்குத்தான் பணம் கொடுக்கிறார். தந்தம் உள்ளதற்கு நான் விலையே சொல்வதில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986லும் 1991லும் வந்த திருத்தங்களுக்குப் பின் இந்தியாவில் தந்த வியாபாரம் எந்த வடிவிலும் கிடையாது. நூறு வருஷம் பழையது என்ற சமாதானம் இங்கே எடுபடாது. வீட்டில் வழிவழியாக இருந்தால் உரிமைச் சான்றிதழோடு வைத்துக்கொள்ளலாம், பிள்ளைகளுக்கு விடலாம், விற்க முடியாது. இது சரியான சட்டம் என்றே நினைக்கிறேன். அந்த வேலையை நேசிக்கிறவன் இன்னொரு யானை சாவதை விரும்ப மாட்டான். தந்தமே இல்லாவிட்டாலும் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை உண்டு. சிங்கப்பூர் மகனுக்கு அனுப்பலாம் என்று வாங்குகிறவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

ஆச்சியின் மேசைக்கு உப்புத்தாளே எடுக்கவில்லை. டர்பன்டைனில் கரி வந்தது, அடியில் அரக்குப் பாலிஷ் முக்கால்வாசி நன்றாக இருந்தது. தேன்மெழுகு மட்டும் ஏற்றினேன். டம்ளர் வைத்த வட்டம் ஒன்று முதிரைக் கட்டத்தில் தங்கிவிட்டது, அதை எடுக்க வெனீரைச் சுரண்ட வேண்டியிருக்கும் என்பதால் விட்டேன். இரண்டு கருங்காலிக் கட்டங்கள் விழுந்துபோயிருந்தன. உடைந்த பழைய நாற்காலிக் காலிலிருந்து அறுத்து, கனம் பார்த்து இழைத்து, வச்சிரம் காய்ச்சி ஒட்டினேன். வெள்ளைப் பசை இன்னும் பலமாகப் பிடிக்கும். ஆனால் எனக்குப் பின்னால் இந்த மேசையைத் திறக்கிறவருக்கு நான் வைத்த கட்டத்தை வெந்நீர்த் துணியால் கழற்ற முடிய வேண்டும்.